பனைமேடு

“உனக்கு நீச்சல் தெரியுமோம்மா?” என்று ஸௌந்தரராஜன் சார் முதல் நாள் கேட்டார். நான் தலையை ஆட்டினேன்.

தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தால் ஆமாம் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அப்படித்தான். எல்லார் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் புது மனிதர் எதிரில் நிற்கும்போது என் தலை சரியாகச் சாயாது. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று தடுமாறிவிட்டு நின்றுவிடும். சார் அதை இல்லை என்று எடுத்துக்கொண்டார்.

“தெரியாதா? அப்போ இது உனக்குத்தான்” என்று படகிலிருந்து ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை எடுத்தார். அவரே என் தோளில் மாட்டினார். குனிந்து பட்டைகளை ஒவ்வொன்றாகப் பூட்டினார். பிறகு பட்டைக்குள் விரலை விட்டு இழுத்துப் பார்த்து, “இறுக்கமா இருக்கோ? மூச்சு விட முடியறதோ?” என்றார். இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் தலையை ஆட்டினேன்.

எனக்கு நீச்சல் தெரியும் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அதற்குப் பேச வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. நான் தண்ணீரில் போய்விடக்கூடாது என்று ஒருவர் கவலைப்பட்டது அதுதான் முதல் தடவை. எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு ஏழு வயதானதும் பம்ப்செட் கிணற்றில் தூக்கிப் போடுவார்கள். மேலே வந்தால் நீச்சல் வந்துவிட்டது என்று அர்த்தம். என்னைப் போட்டவர் அர்ஜுனன் சித்தப்பா. அன்று சாரை ஏரிக்கு அழைத்து வந்தவரும் அவர்தான். சார் என்னைக் கேட்ட நேரத்தில் சித்தப்பா மதகுக்குப் பின்னால் வண்டியை நிழலில் நிறுத்திக்கொண்டிருந்தார்.

என் பெயர் சங்கரி. மாகறல் போகும் பஸ் ரோட்டில் இறங்கினால் எங்கள் ஊர். வீட்டுக்குப் பின்னால் நிலம், நிலத்துக்குப் பின்னால் ஏரிக்கரை. பத்தாம் வகுப்பு பாதியில் நின்றுவிட்டேன். படிப்பு வராமல் இல்லை. எழுந்து நின்று படி என்றால் குரல் வராது. முதலில் வகுப்பே காத்திருந்தது. பிறகு சிரித்தது. ஒரு நாள் நான் எழுந்தவுடனே கை தட்டினார்கள். மறுநாள் நான் போகவில்லை. அதற்கப்புறம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிக்கார வீட்டில் பாவு பிணைக்கும் வேலைக்குப் போனேன். பழைய பாவின் இழை நுனியோடு புதுப் பாவின் இழை நுனியை முடிச்சு இல்லாமல் விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். வேலை பிடித்திருந்தது. ஆனால் இரண்டு பக்கமும் பெண்கள் உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசுவார்கள். சிரிக்க வேண்டிய இடம் வந்ததும் என் முகத்தைப் பார்ப்பார்கள். அங்கிருந்தும் வந்துவிட்டேன்.

எழுதும்போது எனக்கு இந்தத் தொல்லை இல்லை. அதனால் எழுதுகிறேன்.

சித்தப்பா ஒரு தடவை வார்டு மெம்பராக இருந்தவர். மறுபடியும் நிற்கப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பவர். எங்கிருந்தோ ஒரு பழைய ஃபைபர் படகு வாங்கி ஏரியில் விட்டிருந்தார். ஸௌந்தரராஜன் சார் சின்ன காஞ்சிபுரத்தில் வரதர் கோயில் பக்கம் இருப்பவர். இன்சூரன்ஸ் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். முட்டை கூடச் சாப்பிடாத குடும்பம். ஆனால் அஸ்ஸாமில் உத்தியோகம் பார்த்த காலத்தில் தூண்டில் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. சித்தப்பாவுக்குப் படகு இருந்தது, சாருக்கு ரீல் வைத்த நல்ல தூண்டில்கள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். தூண்டில் முள் கட்டவும், துடுப்பு போடவும், படகில் ஊறும் தண்ணீரை இறைக்கவும் ஒரு ஆள் தேவைப்பட்டது.

“இது பேசாது சார். ஆனா கை சுத்தம்” என்று சித்தப்பா என்னை அறிமுகப்படுத்தினார்.

“பேசாதா? அதைவிட என்னப்பா வேணும்?” என்றார் சார்.

அவர் கேலி செய்யவில்லை என்பது படகு நடு ஏரிக்குப் போன பிறகு தெரிந்தது. சாருக்கு விதிகள் உண்டு. தூண்டில் நரம்பு தண்ணீரில் இருக்கும்போது யாரும் பேசக்கூடாது. படகில் எழுந்து நிற்கக்கூடாது. முள்ளில் பின்னோக்கி இருக்கும் சிறு முனையைக் குறடால் நசுக்கிவிட வேண்டும். இல்லையென்றால் கழற்றும்போது மீனின் வாய் கிழியும். கையை நனைக்காமல் மீனைத் தொடக்கூடாது. முள் அடியில் எங்காவது மாட்டிக்கொண்டால் மல்லுக்கட்டாமல் நரம்பை அறுத்துவிட வேண்டும். பிடித்த மீன் எதுவானாலும் திரும்பத் தண்ணீருக்குத்தான்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி. மீனை வெளியே எடுத்த நொடியே பிடித்தவரும் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். முள்ளைக் கழற்று, பார், சந்தோஷப்படு, என்ன வேண்டுமானாலும் செய். உனக்கு மூச்சு முட்டும்போது மீன் தண்ணீருக்குள் இருக்க வேண்டும்.

“அப்பத்தான் அதுக்கும் நமக்கும் நியாயம் ஒண்ணா இருக்கும்” என்பார் சார். சித்தப்பா கன்னத்தை உப்பிக்கொண்டு, கண் பிதுங்க, ஜிலேபி மீனோடு போராடுவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வரும். நான் சிரித்தேன். சத்தமில்லாமல் சிரிப்பதுதான் அங்கே சரியான முறை.

பேச்செல்லாம் கரைக்கு வந்த பிறகுதான். முதல் மீன் பிடித்தவர் சாரின் டிபன் டப்பாவைத் திறக்கலாம். புளியோதரை இருக்கும்.

“ஊர்ல மீன் துன்றவன்லாம் கடையில வாங்கிக்கினு போறான். துன்னாத நீங்க வந்து ஏரியில குந்திக்கினு இருக்கீங்களே சார்” என்பார் சித்தப்பா.

“பிடிக்க வரேன்ப்பா, தின்ன வரலை. கோயிலுக்குப் போறவா எல்லாரும் பெருமாளை ஆத்துக்குத் தூக்கிண்டா வரா?”

“வூட்ல அம்மாவுக்குத் தெரிஞ்சா?”

“மங்கையைப் பொறுத்தவரைக்கும் நான் ஓரிக்கையில வாக்கிங் போயிண்டிருக்கேன். நீ ஓட்டுக் கேக்க எங்க தெருவுக்கு வந்து எதையாவது உளறி வெச்சுடாதே.”

சார் புழுவைத் தொடமாட்டார். மாவில் பெருங்காயம் சேர்த்து உருட்டி எடுத்து வருவார். அந்த உருண்டையை முள்ளில் குத்துவது என் வேலை. திரும்பிப் போகும் முன் கையைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, முகர்ந்து பார்த்து, என் முன்னாலும் நீட்டுவார். வாசனை இல்லை என்று நான் தலையை ஆட்டினால்தான் பைக்கில் ஏறுவார். அந்த ஒரு ஆட்டத்தை மட்டும் அவர் எப்போதும் சரியாகப் புரிந்துகொண்டார்.

ஒரு நாள் அவர், “நம்ம மூணு பேர்ல ஒழுங்கா விதிப்படி நடக்கறவ இவ ஒருத்திதான், அர்ஜுனா” என்றார். பள்ளிக்கூடத்தில் நான் ஊமை. தறிக்கார வீட்டில் நான் கர்வக்காரி. அந்தப் படகில் மட்டும்தான் நான் விதியைக் காப்பாற்றுகிறவளாக இருந்தேன். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படி நடந்தது. வாரத்தில் ஒரு காலைப்பொழுது என்றாலும் போதுமாக இருந்தது. மற்ற நாட்கள் அதற்காகக் காத்திருப்பதில் போய்விடும்.

தை மாதத்தில் ப்ரணவ் வந்தான். சாருடைய தங்கை மகன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. சில மாதங்களுக்கு வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று சொல்லிவிட்டதால் மாமா வீட்டில் வந்து தங்கியிருந்தான். சார் எங்கே போகிறார் என்பதை இரண்டாவது வாரமே கண்டுபிடித்துவிட்டான். மாமியிடம் சொல்லாமல் இருக்கக் கூலியாக அவனையும் கூட்டிக்கொண்டு வர வேண்டியதாயிற்று.

படகில் மூன்று பேர்தான் உட்காரலாம். அது சார் போட்ட விதி இல்லை, படகே போட்ட விதி.

“சங்கரி, ரெண்டு மூணு வாரம் நீ கரையில இரும்மா. கொழந்தைக்கு ஆசையா இருக்கு” என்றார் சார். கொழந்தைக்கு இருபத்தேழு வயது. “நீச்சல் தெரியுமாடா?” என்று அவனைக் கேட்டார். அவன் தலையைத் தெளிவாகவே ஆட்டினான். நான் ஆரஞ்சு ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்தேன். சார் குனிந்து அவனுக்குப் பட்டைகளைப் பூட்டினார். உள்ளே விரலை விட்டு இழுத்துப் பார்த்தார். மூச்சு விட முடியறதோ என்றும் கேட்டார்.

ப்ரணவைக் கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது. வந்த முதல் நாளே என் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டான். ஒவ்வொரு வாரமும் எனக்கென்று தனியாக ஒரு சாக்லேட் எடுத்து வருவான். நான் கட்டிய முள்ளைப் பார்த்து, “இது எப்படி? எனக்குச் சொல்லிக்கொடு” என்பான். பதில் வராவிட்டாலும் அடுத்த கேள்வி கேட்பான். பேசுகிறவர்களுக்குப் பேசாதவர்களைப் பார்த்தால் ஏதோ கடையை மூடிவைத்த மாதிரி இருக்கிறது. தட்டிக்கொண்டே இருப்பார்கள்.

ஆனால் அவன் படகிலும் பேசினான். நரம்பு தண்ணீரில் இருக்கும்போது பேசினான். தண்ணீரின் மேல் சத்தம் நன்றாக வரும்; கரையில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அவன் ஏதோ சொல்ல, சித்தப்பா சிரித்தார். பிறகு சாரும் சிரித்தார். சத்தமாக. நான் இருந்த ஒரு வருஷத்தில் நடு ஏரியில் அவர் அப்படிச் சிரித்ததே இல்லை. அவருக்கு அமைதிதான் பிடிக்கும் என்று நினைத்திருந்தேன்.

இரண்டு மூன்று வாரம் என்றது நீண்டுகொண்டே போனது. ஆரஞ்சுப் புள்ளி ஒன்று ஏரியின் நடுவில் நகர்வதைக் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் நான்தான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்ள முயற்சி செய்தேன். கொஞ்ச நேரம் முடியும். பிறகு அது கையைத் தூக்கி ஆட்டும்.

கட்லா செத்தது அப்போதுதான். ப்ரணவுக்கு முதல் தடவையாகப் பெரிய மீன் மாட்டியது. படம் எடுக்க வேண்டும் என்று கரைக்கே கொண்டு வந்தார்கள். காய்ந்த கையால் தூக்கிப் பிடித்தான். இப்படி ஒன்று, அப்படி ஒன்று, மாமாவோடு ஒன்று. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். எனக்கு முட்டியது, விட்டேன், மறுபடி அடக்கினேன். அவன் பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் தாராளமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் தண்ணீரில் விட்டபோது மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிறகு வயிறு மேலே வந்தது.

நான் சாரைப் பார்த்தேன். சித்தப்பா ஒரு தடவை ஒரு கெண்டையை அளவுக்கு மேல் வைத்திருந்ததற்கு ஒரு மாதம் அவருக்குத் தூண்டிலே கொடுக்காதவர் அவர்.

“பரவால்லைடா. தெரியாமப் பண்ணிட்டே” என்றார் சார். அவ்வளவுதான். டிபன் டப்பாவைத் திறக்கச் சொன்னார்.

விதி என்றால் எல்லாருக்கும்தானே. நான் வேறெதுவும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் பனைமேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஏரியில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெயர் உண்டு. கிழக்கு மூலைக்குப் பனைமேடு என்று பெயர். ஒரு காலத்தில் அங்கே பனைமரங்கள் நின்றன; ஏரி நிரம்பினாலும் முழங்கால் தண்ணீர்தான் இருக்கும், மாடுகள் நின்று மேயும். சில வருஷங்களுக்கு முன்னால் ரோடு போடுவதற்கு அங்கிருந்து சவுடு மண் எடுத்தார்கள். ராத்திரி பகலாக லாரிகள் ஓடின. சித்தப்பாவுக்கும் அதில் பங்கு உண்டு என்று ஊரில் பேச்சு. இப்போது அது ஏரியிலேயே ஆழமான பள்ளம். ஓரத்தில் வரப்பு மாதிரி ஒரு திட்டு, அதன்மேல் இடுப்பளவுத் தண்ணீர் இருக்கும், அதைத் தாண்டினால் செங்குத்தாக இறங்கும். பள்ளத்தைச் சுற்றிச் சீமைக்கருவேல மரங்கள் மூழ்கி, நுனிக்கிளை மட்டும் வெளியே தெரியும். ஆனால் பெயர் மாறவில்லை. ஊரில் எல்லாரும் இன்றைக்கும் பனைமேடு என்றுதான் சொல்கிறோம். சாருக்கு இந்தக் கதை தெரியும். முள் மாட்டும், ஆளும் போவான் என்று அந்தப் பக்கமே படகைவிட மாட்டார். ப்ரணவிடம் “அந்த மூலை வேண்டாம்டா” என்று மட்டும் சொல்லியிருந்தார். பெயரைச் சொல்லவில்லை.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சித்தப்பா கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். மாகறல் பக்கம்தான், சாப்பாடு முடிந்ததும் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். சாருக்கு முழங்கால் வலி.

“இன்னிக்குக் காலை மடக்கிண்டு உக்கார முடியாதுடா. அடுத்த வாரம் பாத்துக்கலாம்” என்றார்.

“சங்கரி வரட்டுமே மாமா. பாவம், எத்தனை வாரமா கரையிலேயே உக்காந்திருக்கா. நம்ம எல்லாரையும்விட அவதான் நன்னாத் துடுப்பு போடறா” என்றான் ப்ரணவ்.

அன்று எனக்குப் படகில் இடம் கிடைத்தது அவனால்தான். அதை நான் மறைக்கவில்லை.

இன்னொரு லைஃப் ஜாக்கெட் இருந்தது. பழையது, நீலம், உள்ளே இருந்த பஞ்சு கல்லாகிவிட்டது; பேருக்குத்தான் அது. “நீ இதைப் போட்டுக்கோம்மா” என்று சார் என் கையில் கொடுத்துவிட்டு, ப்ரணவின் பட்டையை இழுத்துப் பார்த்தார். “கிட்டவே இருங்கோ. தூரப் போகாதீங்கோ.” பிறகு மதகுச் சுவர் நிழலில் போய்க் காலை நீட்டி உட்கார்ந்து, ஃப்ளாஸ்க்கைத் திறந்தார்.

ப்ரணவ் ஒரு ரப்பர் தவளையை முள்ளில் கோத்திருந்தான். விராலுக்கு அதுதான் சரி, நண்பர்கள் பிறந்தநாளுக்குக் கொடுத்தது என்றான். “விரால் எங்க இருக்கும் சங்கரி?” என்றான். நான் துடுப்பைக் கிழக்குப் பக்கம் போட்டேன்.

கிளை தெரியும் இடத்தில் விரால் பதுங்கும். இது உண்மை. யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இரண்டாவது வீச்சிலேயே தவளை ஒரு கருவேலங்கிளையில் போய்ச் சிக்கிக்கொண்டது. கண்ணுக்கு எதிரே தொங்கியது. இழுத்தான், வரவில்லை. நான் பெட்டியைத் திறந்து கத்தியை எடுத்து நீட்டினேன். இதை முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். விதிப்படி நரம்பை அறுத்துவிடச் சொல்லி நான் கத்தியை நீட்டினேன்.

“ஐயையோ, வேண்டாம். இறங்கி எடுத்துடலாம், கிட்டதானே இருக்கு” என்றான். தண்ணீரை எட்டிப் பார்த்தான். கலங்கலாக இருந்தது. “இங்க ஆழம் எவ்வளவு, சங்கரி?”

அவன் என்னைக் கேட்ட எத்தனையோ கேள்விகளில் நான் பதில் சொன்னது அது ஒன்றுக்குத்தான்.

“பனைமேடு” என்றேன்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. ஆழத்துக்காக இல்லை. “ஏய், பேசிட்டியே! இரு, மாமாகிட்ட சொல்லணும்” என்றான். “மேடா? அப்போ பயமில்லை.”

நான் பொய் சொல்லவில்லை. அந்த இடத்தின் பெயர் அதுதான்.

நனைந்தால் காய நாளாகும் என்று ஆரஞ்சு ஜாக்கெட்டைக் கழற்றினான். அதன் பையில் அவன் போனும் இருந்தது. “இதை வெச்சுக்கோ” என்று என் மடியில் போட்டான். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்லக் காலை விட்டான். இடுப்புவரைதான் தண்ணீர். நிமிர்ந்து நின்று, விளிம்பிலிருந்து கையை எடுத்து, “பாத்தியா!” என்று சிரித்தான். பிறகு கிளையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான்.

அவன் அந்தப் பக்கம் திரும்பியிருந்த நேரத்தில் நான் நீலத்தைக் கழற்றிவிட்டு ஆரஞ்சை மாட்டிக்கொண்டேன். அதன் உள்பக்கம் இன்னும் சூடாக இருந்தது. பட்டைகளை நானே பூட்டினேன். விரலை விட்டு இழுத்துப் பார்த்தேன்.

அடுத்த அடிக்கு அவன் காலடியில் தரை இல்லை.

முதலில் உள்ளே போய் மேலே வந்தான். “மாமா” என்று ஒரு தடவை கூப்பிட்டான். பிறகு என்னைப் பார்த்தான். துடுப்பு என் கையில் இருந்தது. நீட்டினால் எட்டும் தூரம்தான். நீலமும் காலடியில் கிடந்தது. அவனுடைய தூண்டில் நரம்பு இன்னும் தண்ணீரில் இருந்தது, அதனால் நான் சத்தம் போடவில்லை.

அவன் தலை உள்ளே போனதும் நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். சாரின் விதி மீனுக்கு மட்டும் என்று யாரும் சொன்னதில்லை. அவனுக்கும் எனக்கும் நியாயம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொள்ளவில்லை. எவ்வளவு முடியுமோ அவ்வளவு அடக்கினேன். காது அடைத்தது, கண் இருண்டது. எனக்கு முட்டியபோது அவன் தண்ணீருக்குள்தான் இருந்தான். நான் மூச்சை விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு ஏரி மிகவும் அமைதியாக இருந்தது. சாருக்குப் பிடித்த மாதிரி.

சார் அந்த ஒரு கூப்பாட்டைக் கேட்டிருக்கிறார். வேட்டியோடு தண்ணீரில் இறங்கிக் கழுத்தளவு வந்துவிட்டார். வயலில் இருந்தவர்கள் ஓடிவந்து அவரைப் பிடித்து நிறுத்தினார்கள். சித்தப்பா கல்யாணச் சட்டையோடு வந்து சேர்ந்து அப்படியே குதித்தார். வெளியே கொண்டு வரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. நரம்பு அவன் காலில் சுற்றியிருந்தது.

போலீஸ்காரர் என்னைக் கேள்வி கேட்டார். என் உதடு அசைந்தது, குரல் வரவில்லை. ஈர வேட்டியோடு நடுங்கிக்கொண்டிருந்த சார் எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றார். “அவளை விட்டுடுங்கோ சார். அவளுக்குப் பேச்சு வராது, நீச்சலும் தெரியாது. அவ என்ன பண்ணியிருப்பா, சொல்லுங்கோ” என்றார்.

சித்தப்பா தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். கை நின்றது. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். என்னைக் கிணற்றில் போட்டுவிட்டு, நான் மேலே வந்ததும் ஊருக்கே கேட்கும்படி விசில் அடித்தவர் அவர். நானும் அவரைப் பார்த்தேன். அவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். எதுவும் சொல்லவில்லை. சித்தப்பாவும் இத்தனை நாளில் விதியைக் கற்றுக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன். அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை. எதிரே வந்தால் வேறு வழியாகப் போகிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. எழுத ஆரம்பித்துவிட்டதால் அதையும் எழுதிவிடுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை நான் தனியாகப் படகை எடுத்துக்கொண்டு பனைமேட்டுக்குப் போனேன். மூங்கில் கழியை விட்டுப் பார்த்தேன். வரப்பு எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்த்தேன். கழி முழுதும் போய் என் கையும் நனைந்தது. ஏன் பார்த்தாய் என்று கேட்டால், துடுப்பு போடுகிறவளுக்கு ஆழம் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் என் பதில்.

காரியங்கள் எல்லாம் முடிந்து, இன்னும் சில வாரங்கள் போன பிறகு சார் ஏரிக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமைதான். டவுன் பஸ்ஸில் வந்து, கரைமேல் மெதுவாக நடந்து வந்தார். நான் ஒவ்வொரு ஞாயிறும் போலத் தயாராக இருந்தேன். படகைத் துடைத்துவைத்திருந்தேன். பெருங்காயம் போட்டு நானே மாவு உருட்டியிருந்தேன். அவர் உட்கார்ந்ததும் ஒரு தூண்டிலைப் போட்டு அவர் பக்கத்தில் நட்டுவைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

“மங்கை எங்கிட்ட பேசறதில்லைம்மா” என்றார். “என் தங்கையும் பேசறதில்லை. நான்தானே இங்க கூட்டிண்டு வந்தேன்.”

இளைத்திருந்தார். பேச ஆளில்லாத வீட்டில் இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் இருவருக்கும் இப்போது ஒரே மாதிரி ஆகிவிட்டது என்று தோன்றியது.

“ஒரே ஒரு ஆறுதல்தான்” என்றார். “அவன் ஆரஞ்சைக் கழட்டி உனக்குக் கொடுத்திருக்கான். உனக்கு நீச்சல் தெரியாதுன்னு நான்தான் அவன்கிட்ட சொல்லியிருந்தேன். ஏதோ ஆபத்துன்னு தெரிஞ்சதும் நல்லதை உனக்கு மாட்டி விட்டுட்டு இறங்கியிருக்கான். உன்னைக் காப்பாத்திட்டுதான் போயிருக்கான். அவன் அம்மாகிட்ட அதைத்தான் சொல்லிண்டிருக்கேன். அதை வெச்சுண்டுதான் அவ எழுந்து நடமாடறா.” கையிலிருந்த ஃப்ளாஸ்க்கைத் திறக்காமலே மண்ணில் வைத்தார். “இனிமே நான் இங்க வரமாட்டேம்மா. படகைப் பார்க்க முடியலை. அவனையும் உன்னையும் தண்ணிக்குள்ள அனுப்பிச்ச பாவம் என்னோடது.”

அவர் வராமல் இருக்கக்கூடாது. அதற்காகத்தான் எல்லாமே. என்னை ஆபத்துக்குள் அனுப்பிவிட்டோம் என்ற எண்ணம்தான் அவரைத் தடுக்கிறது என்றால் அதை எடுத்துவிடலாம். அது என் ஒருத்தியால்தான் முடியும். நான் வாயைத் திறந்தேன். குரல் வந்தது, ஆச்சரியமாக, சிரமமே இல்லாமல் வந்தது.

“எனக்கு நீச்சல் தெரியும் சார்.”

அவர் என் பக்கம் திரும்பினார்.

“அன்னிக்கே ஆமான்னுதான் சார் தலை ஆட்டுனேன்” என்றேன். “அவரு எனக்குன்னு கழட்டல. ஆழம் எவ்ளோன்னு கேட்டாரு. பனைமேடுன்னேன்.”

அவரிடம் நான் இத்தனை நாளில் பேசியதைவிட அதிகமாக அன்று பேசிவிட்டேன். நீண்ட நேரம் அவர் கிழக்கு மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளைகளின் நுனி தெரிந்தது. அவர் மார்பு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவர் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நானும் அடக்கிக்கொண்டேன். இரண்டு பேரும் ஒன்றாக அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்குத்தான் முதலில் முட்டியது.

பிறகு அவர் கையை மண்ணில் ஊன்றி எழுந்தார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை, பிடிக்கலாம் என்று கை நீட்டினேன், அவர் பிடித்துக்கொள்ளவில்லை. ஃப்ளாஸ்க்கை மறந்துவிட்டார். அடுத்த வாரம் எடுத்துக்கொள்வார். படகில் இப்போது இடத்துக்குக் குறைவில்லை, ஆரஞ்சைத் துவைத்துக் காயவைத்திருக்கிறேன்.

தக்கை அசையாமல் மிதந்துகொண்டிருந்தது. நரம்பு தண்ணீரில் இருக்கும்போது பேசக்கூடாது என்பது அவரே போட்ட விதி. அந்த நிலைமையிலும் அவர் அதை மறக்கவில்லை. கரைமேல், பஸ் ரோட்டைப் பார்த்து, ஒரு வார்த்தையும் பேசாமல் நடந்து போனார்.